கையடக்க ரெட்ரோ கேம் கருவியை வீட்டிலேயே வடிவமைத்தல்: பேட்டரிக்கு முதலிடம் தரும் முழு வழிகாட்டி

இந்த வேலையில் இறங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது சிறு கணினிப் பலகையைத்தான். அடுத்து அதற்கு ஒரு திரை, பிறகு பொத்தான்கள், கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் எந்தப் பேட்டரி நுழையும் என்ற தேடல். அந்த வரிசையில் போனால் கருவி ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். இல்லையென்றால் கனத்தால் மணிக்கட்டு வலிக்கும். இங்கே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். முதலில் கை, அடுத்து திரை, உடனே மின்சாரம். மற்றவை எல்லாம் அதன் பிறகுதான்.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1989இல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் குழு கேம் பாயை வெளியிட்டபோது அதன் திரை 160×144 புள்ளிகள்தான். வண்ணமில்லை, பின்னொளியில்லை. மறு ஆண்டு சேகா நிறுவனத்தின் கேம் கியர் வண்ணத்தோடும் பின்னொளியோடும் வந்தது. ஆனால் கேம் கியர் ஆறு ஏஏ பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்தது. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. எது நிலைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எந்த விளையாட்டுகளுக்காக?

மலேசியாவில் 90களில் வளர்ந்தவர்களுக்கு மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயர் போதும். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமை ஒட்டித் தைவானில் செய்யப்பட்ட நகல் அது. அந்தக் கால விளையாட்டுகள் மட்டும் போதுமென்றால் ராஸ்பெரி பை பிகோ போன்ற மைக்ரோகன்ட்ரோலரே (ஒற்றைச் சிப்பில் அடங்கிய எளிய கணினி) ஃபேமிகாமையும் கேம் பாயையும் ஓட்டிவிடும். மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் வரை வேண்டுமென்றால் ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ சரியான தேர்வு. 2021 அக்டோபரில் வந்த இந்தப் பலகை 65×30 மில்லிமீட்டர்தான். உள்ளே 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு மையங்கள், 512 எம்பி நினைவகம். நின்டெண்டோ 64க்கு ஆசைப்பட வேண்டாம். அதற்கு இது திணறும்.

இந்த வழிகாட்டி ஸீரோ 2 டபிள்யூவை வைத்தே நகர்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள சைட்ரான் நிறுவனத்திடம் வாங்கலாம். ராஸ்பெரி பையின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் அவர்கள். கோலாலம்பூரில் ரெசிஸ்டர், சுவிட்ச், வயர், ஸ்பீக்கர் போன்ற சில்லறைப் பாகங்களுக்கு புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளுக்கு நேரில் போங்கள். பொத்தானை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவதற்கு இணையக் கடை ஈடாகாது.

முதல் படி: அட்டையில் ஒரு மாதிரி

கணினியில் வரையத் தொடங்கும் முன் தடித்த அட்டையை வெட்டி அடுக்கி ஒட்டி, கருவியின் அளவில் ஒரு கட்டை செய்துகொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகள்: பழைய கேம் பாய் 148×90×32 மில்லிமீட்டர்; 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் ஏறத்தாழ 145×82×25. என் பரிந்துரை 150 அகலம், 75 உயரம், 24 கனம்.

வாங்கப்போகும் பேட்டரியின் எடைக்குச் சமமாக நாணயங்களை அட்டைக்குள் ஒட்டுங்கள். கால் மணி நேரம் பிடித்திருங்கள். கட்டை விரல்கள் இயல்பாக எங்கே வந்து விழுகின்றனவோ அங்கே பேனாவால் வட்டமிடுங்கள். பொத்தான்களின் இடம் அதுவே. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். திசைப் பொத்தானை மேல் விளிம்புக்கு மிக அருகில் வைத்தால் பெருவிரல் வளைந்தே இருக்கும், சீக்கிரம் வலிக்கும். பேட்டரியின் எடை நடுவில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் கருவி முன்னோக்கிச் சாயும்.

இரண்டாம் படி: திரை

திரையில் முதலில் பார்க்க வேண்டியது அங்குலமல்ல, புள்ளிகளின் எண்ணிக்கை. பழைய விளையாட்டுகளின் படத்தை முழு எண் மடங்கில் பெரிதாக்கினால்தான் ஒவ்வொரு புள்ளியும் சமமான சதுரமாக நிற்கும். ஒன்றரை மடங்கு போன்ற பின்னங்களில் சில வரிசைகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். படம் நகரும்போது விளிம்புகள் நெளியும்.

320×240 திரையில் மெகா டிரைவின் 320×224 அப்படியே பொருந்தும். ஃபேமிகாமின் 256×240 இரு பக்கமும் கறுப்பு ஓரத்துடன் நிற்கும். கேம் பாயை மட்டும் இரட்டிப்பாக்க முடியாது, 288 வரிசைகள் தேவைப்படும். 480×320 திரையோ கேம் பாய் அட்வான்ஸின் 240×160க்குச் சரியாக இரண்டு மடங்கு. 640×480 கிடைத்தால் எல்லாவற்றுக்கும் நல்லது: கேம் பாய் மூன்று மடங்கு, மற்றவை இரண்டு மடங்கு.

அடுத்து, திரைக்குப் படம் எந்த வழியில் போகிறது என்பது. மலிவான திரைகள் எஸ்பிஐ இணைப்பில், அதாவது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வழியில், வருகின்றன. 320×240 திரையில் ஒரு புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு படத்துக்கு 1,228,800 பிட். நொடிக்கு 60 படம் என்றால் 73.7 மில்லியன் பிட். 40 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ நொடிக்கு 32 முழுப் படங்களைத்தான் அனுப்பும். ஐஎல்ஐ9341 சிப் உள்ள 2.8 அங்குலத் திரைக்கு இதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எஃப்பிசிபி-ஐஎல்ஐ9341 என்ற திறந்த மூல இயக்கி, மாறிய புள்ளிகளை மட்டுமே அனுப்புவதால் பெரும்பாலான விளையாட்டுகள் தடையின்றி ஓடுகின்றன. ஆனால் சந்தையில் குவிந்து கிடக்கும் 3.5 அங்குல எஸ்பிஐ திரைகளில் புள்ளிகள் இரட்டிப்பு, வேகமோ பாதி. ஓடிக் குதிக்கும் விளையாட்டுக்கு அவற்றை வாங்காதீர்கள்.

டிபிஐ எனப்படும் இணைவழித் திரைகள் 60 படத்தைச் சுலபமாகக் காட்டும். பதிலுக்கு அவை ராஸ்பெரி பையின் பின்களில் (வயர் இணைக்கும் ஊசிகளில்) இருபதையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். ஒலிக்கான பின்களும் அதில் போய்விடும். பொத்தான்களுக்குத் தனியாக ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை யூஎஸ்பி வழியே சேர்க்க வேண்டிவரும். முதல் கருவிக்கு 2.8 அங்குல எஸ்பிஐ போதும். இனிவரும் கணக்குகள் அதற்கானவை.

மூன்றாம் படி: மின்சாரம்

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். கருவி நன்றாக அமைவதும் வீணாவதும் இங்கேதான் முடிவாகிறது.

கணக்கை வாட்டில் போடுங்கள். விளையாட்டு ஓடும்போது ஸீரோ 2 டபிள்யூ, திரையின் பின்னொளி, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் சுமார் 600 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். அது 3 வாட். 3.7 வோல்ட், 4000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) லித்தியம் பாலிமர் பேட்டரியில் 14.8 வாட்-மணி இருக்கிறது. வோல்ட்டை 5க்கு உயர்த்தும் பூஸ்ட் சுற்றில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய 13 வாட்-மணி. ஆக, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். எம்ஏஎச் எண்ணை 600ஆல் வகுத்து ஆறரை மணி நேரம் என்று நம்புவது தவறு. பேட்டரியின் வோல்ட் 5 இல்லை.

தட்டைப் பேட்டரிகளின் மேல் அச்சிட்ட எண்ணே அளவைச் சொல்லிவிடும். 606090 என்றால் 6.0 மில்லிமீட்டர் கனம், 60 அகலம், 90 நீளம். இந்த அளவில் 4000 எம்ஏஎச் கிடைக்கிறது. 2.8 அங்குலத் திரைப் பலகை சுமார் 86×50 என்பதால் அதன் முதுகில் இது படுத்துக்கொள்ளும். உருளை வடிவ 18650 பேட்டரியும் பயன்படும். ஆனால் அந்த அளவில் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல 18650 பேட்டரியின் கொள்ளளவு 3600க்கு அருகில் நின்றுவிடும்.

மின்னேற்றத்துக்குப் பலரும் டிபி4056 பலகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். விலை மலிவு, எங்கும் கிடைக்கிறது. பேட்டரியைத் தனியாக மின்னேற்ற அது நல்ல பலகைதான். விளையாடிக்கொண்டே மின்னேற்றுவதற்கு அது அமைக்கப்படவில்லை. பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் மின்னேற்றத்தை நிறுத்த வேண்டிய சிப் அது. கருவியும் அதே முனையிலிருந்து மின்சாரம் எடுத்தால் அந்தக் குறைவை அதனால் உணர முடியாது. மின்னேற்றம் முடியாமலே நீளும், பேட்டரியின் ஆயுள் குறையும். சுமையைத் தனியே பிரிக்கும் வசதியுள்ள பலகையைத் தேடுங்கள். அடாஃப்ரூட்டின் பவர்பூஸ்ட் 1000சி அப்படிப்பட்டது: 1 ஆம்பியரில் மின்னேற்றும், 5.2 வோல்ட் கொடுக்கும், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஒரு முனையில் சமிக்ஞை தரும். அந்தச் சமிக்ஞை முனை சாதாரண நேரத்தில் பேட்டரியின் வோல்ட்டிலேயே, அதாவது 4.2 வரை, நிற்கும். ராஸ்பெரி பையின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்குபவை. நேரடியாக இணைத்தால் பின் பழுதாகும். இரண்டு ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுங்கள்.

ஆன்-ஆஃப் சுவிட்சும் கவனிக்க வேண்டிய பொருள். பேட்டரி இறங்கும் நேரத்தில் 3 வாட் கொடுக்க அதிலிருந்து ஓர் ஆம்பியர் வரை ஓடும். சின்ன சறுக்கு சுவிட்சுகளில் பல அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. முதன்மை மின்னோட்டத்தை அதன் வழியே விடாமல், பூஸ்ட் பலகையின் இயக்க முனையைத் தரையோடு (சுற்றின் பொது எதிர்முனையோடு) இணைக்கும் சுவிட்சாக அதை வைத்தால் சில மைக்ரோஆம்பியர்தான் அதில் ஓடும்.

பாதுகாப்பு பற்றி. பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியையே வாங்குங்கள். இரண்டு வயர் கொண்ட அந்த வெள்ளை இணைப்பியில் எது நேர்முனை, எது எதிர்முனை என்பது விற்பனையாளருக்கு விற்பனையாளர் மாறும். சிவப்பு வயரை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்த பிறகே செருகுங்கள். பேட்டரியின் மேலே திருகு முனையோ சால்டர் செய்த கூரான காலோ படக் கூடாது. இடையில் ஒரு தாள் பிளாஸ்டிக் வையுங்கள். சற்றே உப்பிய பேட்டரியை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று வைத்திருக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். முதல் சில மின்னேற்றங்களின்போது அருகிலேயே இருங்கள்.

நான்காம் படி: பின்களைப் பங்கிடுதல்

ஒரு தாளில் அட்டவணை போட்டு எழுதிவிட்டே வயரைத் தொடுங்கள். ஜிபிஐஓ எண்களின்படி (பலகையின் பொதுப் பயன்பாட்டுப் பின்களுக்கான எண்கள்) திரைக்கு 8, 10, 11. கூடவே கட்டளைக்கு 25, மீட்டமைக்க 24. ஒலிக்கு 18, 19, 21. பொத்தான்களுக்கு 4, 5, 6, 12, 13, 16, 17, 20, 22, 23, 26, 27. சரியாகப் பன்னிரண்டு: நான்கு திசைகள், நான்கு செயல் பொத்தான்கள், இரண்டு தோள் பொத்தான்கள், ஸ்டார்ட், செலக்ட். 3ஆம் எண்ணை விட்டுவைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அணைந்து நிற்கும் ராஸ்பெரி பையை, அந்தப் பின்னைத் தரையோடு ஒரு கணம் இணைத்து எழுப்பலாம். அதே பொத்தானை முறையாக அணைக்கவும் அமைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பொத்தானின் ஒரு காலும் அதன் பின்னுக்கு, மறு காலும் பொதுத் தரைக்கு. பொத்தான் அழுந்தாதபோது பின்னை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் இழுப்பு ரெசிஸ்டர் உள்ளேயே இருப்பதால் தனியாக எதுவும் தேவையில்லை.

பொத்தானின் தரத்துக்குச் செலவு செய்யுங்கள். 6×6 மில்லிமீட்டர் டாக்ட் சுவிட்சுகளில் (அழுத்தினால் 'டிக்' என்னும் சிறு பொத்தான்கள்) 260 கிராம் விசை கேட்பவை விரலை வருத்தும். 100 முதல் 160 கிராம் வரை உள்ளவை நல்லது. அதைவிடச் சிறந்தது பழைய கருவிகளில் இருக்கும் ரப்பர் மெத்தை. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விளையாட்டுக் கருவிகளின் உடைந்த கைப்பிடிகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ரப்பர் மெத்தைக்குப் பலகையில் சீப்புப் பற்கள் போல் பின்னிய செம்புத் தடங்கள் வேண்டும், அவற்றுக்குத் தங்கப் பூச்சு வேண்டும். ஈயப் பூச்சு நாளடைவில் தேய்ந்து தொடர்பு விட்டுப்போகும்.

திசைப் பொத்தானின் அடியில் நடுவே ஒரு குமிழ் அவசியம். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தாமல் அதுதான் தடுக்கிறது. 1982இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் கருவிக்காக யோகோய் உருவாக்கிய சிலுவைப் பொத்தானில், ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்கம் எழும் இந்த ஆட்டம்தான் உயிர். நான்கு தனிப் பொத்தான்களை வைத்து இதை ஈடுகட்ட முடியாது.

ஐந்தாம் படி: ஒலி

ஸீரோவில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. மேக்ஸ்98357ஏ என்ற சிறு பலகை ஐ2எஸ் வழியே இலக்க ஒலியை வாங்கி நேராக ஸ்பீக்கரை இயக்கும், இரைச்சல் இல்லை. ஸ்பீக்கரின் முதுகுப்புறத்தைக் காற்றுப் புகாமல் ஒரு சிறு அறைக்குள் மூடினால், அதே ஸ்பீக்கர் வியக்கத்தக்க அளவு நன்றாக ஒலிக்கும். ஒலி அளவைத் திருகிக் குறைக்கும் குமிழ் இதில் இல்லை; மென்பொருளில் பொத்தான் சேர்க்கையால் மாற்ற வேண்டும். ஒலிபெருக்கியின் மின்முனையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் உரத்த வெடிச்சத்தத்தின்போது மின்னழுத்தம் சரியாது.

ஆறாம் படி: மேசைமேல் முழுமையாக ஓட்டுதல்

பெட்டியைப் பற்றி நினைக்கும் முன் எல்லாப் பாகங்களும் மேசையில் விரித்தபடி வேலை செய்ய வேண்டும். முதலில் பலகையும் மென்பொருள் உள்ள மைக்ரோஎஸ்டி கார்டும் மட்டும், ஹெச்டிஎம்ஐ திரையில். அடுத்து சிறு திரை. பிறகு ஒலி. பிறகு பொத்தான்கள். பேட்டரி கடைசியாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்த்தால் பழுது வந்த இடம் உடனே தெரியும்.

மென்பொருளுக்கு ரெட்ரோபை எளிது. பழைய கருவிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர்களின் தொகுப்பு அது. அதன் 4.8 பதிப்பு, மேலே சொன்ன திரை இயக்கிக்குத் தேவையான பழைய வரைகலை அமைப்பில் நிற்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. புதிய இயங்குதளத்தில் அந்த இயக்கி ஓடாது. முதன்மை இயங்கு வேகத்தை உயர்த்தும் ஆசை வேண்டாம், பேட்டரியும் வெப்பமும் அதற்கு விலை கொடுக்கும். ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்: ரெட்ரோபைக்குள் விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோஆர்ச், விளையாட்டின் சேமிப்பை இயல்பாக விளையாட்டை மூடும்போதுதான் கார்டில் எழுதுகிறது. பேட்டரி திடீரென்று தீர்ந்தால் அதுவரை சேமித்தது போய்விடும். தானியங்கிச் சேமிப்பு இடைவெளியைப் பத்து நொடியாக வையுங்கள். பேட்டரிச் சமிக்ஞை வந்ததும் முறையாக அணைக்கும் சிறு நிரலையும் சேர்த்துவிட்டால் கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

சால்டரிங் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கின் பல தமிழ்க் குடும்பங்களில் மின்னணுத் தொழிற்சாலை அனுபவமுள்ள அத்தையோ அக்காவோ மாமாவோ இருக்கிறார்கள். அவர்களை அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பளபளப்பைப் பார்த்தே சொல்லும் கண் அவர்களுடையது. ஈயம் கலந்த கம்பிக்கு முனை 320 முதல் 350 டிகிரி செல்சியஸ் போதும். சன்னலைத் திறந்துவையுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஏழாம் படி: பலகையும் பெட்டியும்

முதல் கருவிக்குத் துளைப் பலகை போதும். இரண்டாவது செய்யும் எண்ணம் இருந்தால் கிகேட் (KiCad) என்ற இலவச மென்பொருளில் பொத்தான் பலகையை வரைந்து சீனாவின் ஷென்சென் ஆலைகளுக்கு அனுப்பலாம். வயர்க் குழப்பம் தீரும்.

பெட்டியை முப்பரிமாண அச்சுக்காக (3டி பிரின்டிங்) அட்டை மாதிரியின் அளவிலேயே வரையுங்கள். சுவர் 2 மில்லிமீட்டர். பொத்தானுக்கும் துளைக்கும் இடையே சுற்றிலும் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், அதைவிடக் குறைந்தால் பொத்தான் சிக்கும், கூடினால் ஆடும். ராஸ்பெரி பையின் துளைகள் 58×23 இடைவெளியில், எம்2.5 திருகுக்கானவை. பிளாஸ்டிக்கில் நேரடியாகத் திருகாமல் சூட்டில் பதிக்கும் பித்தளை உறைகளைப் போட்டால் எத்தனை முறை திறந்தாலும் மரை தேயாது. நிச்சயம் பலமுறை திறப்பீர்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் முழுக்க வைத்தால் பெட்டி கோணலாகும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள். ஆனால் பெட்ஜி ஈரத்தை உறிஞ்சும். நம் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த சுருள், அச்சில் நூல் நூலாக இழுக்கும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கருவியின் முதுகில் மேலும் கீழும் காற்றுத் துளை வரிசை விடுங்கள். சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடிய பெட்டியில் பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையைப் பார்த்த பிறகே கடைசித் திருகுகளை இறுக்குங்கள்.

விளையாட்டுகளை எங்கிருந்து எடுப்பது?

எமுலேட்டர் சட்டத்துக்கு முரணானது அல்ல. இணையத்தில் கிடைக்கும் விளையாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் பதிப்புரிமை உள்ளவை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். பழைய கருவிகளுக்காக இன்றும் ஆர்வலர்கள் புதிய விளையாட்டுகளை எழுதி இலவசமாக வெளியிடுகிறார்கள். அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அல்லது நீங்களே எழுதுங்கள். ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் நிரல்மொழி தெரியாதவரும் கேம் பாய் விளையாட்டு செய்யலாம். தமிழில் செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம் பாயின் படம் 8×8 புள்ளிக் கட்டங்களால் ஆனது. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கும், நம் 'ணை'யும் 'ஞ'வும் அடங்காது. ஓர் எழுத்துக்கு 16×16, அதாவது நான்கு கட்டங்கள் ஒதுக்கி, எழுத்துகளைப் பின்னணிப் படமாகவே வரைந்துவிடுவது நல்ல வழி. ஒரு காட்சியின் பின்னணிக்கு 192 வெவ்வேறு கட்டங்களே உண்டு. ஆகவே எழுத்து மட்டுமே நிறைந்த காட்சியில்கூட 48 வெவ்வேறு எழுத்துகளுக்குள் வசனம் முடிய வேண்டும். படமும் இருந்தால் இருபது எழுத்துகளுக்குள் எழுதப் பாருங்கள்.